கேளுங்கள், சொல்கிறேன்: மருத்துவக் கருவி கம்பெனி வேலைக்குப் போகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே தொழிலைப் பற்றியவை. சிரிஞ்சிலிருந்து இதய வால்வு வரை செய்கிற கம்பெனிகளில் 19 வருடம், மூன்று இடங்களில், தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள் நான். அதனால் இந்த முறை மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் கோவையில் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் முடித்திருக்கிறான். ஒரு மென்பொருள் கம்பெனியிலும், ஒரகடம் பக்கம் ஐ.வி. கேனுலா செய்கிற கம்பெனியிலும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டாவதில் சம்பளம் குறைவு, ஆனால் அவனுக்கு அதில்தான் ஆசை. "இவ்வளவு படித்துவிட்டு ஊசி செய்கிற கம்பெனிக்கா" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், விருதுநகர்

அம்மா, முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், வீட்டில் சண்டை வருவது அதில்தான். மென்பொருள் கம்பெனி தருகிற ஆரம்பச் சம்பளத்தை இந்தத் தொழிலில் பெரும்பாலான கம்பெனிகள் தராது. முதல் நான்கைந்து வருடம் அவனோடு படித்தவர்கள் அவனைவிட அதிகம் வாங்குவார்கள், தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது அது கண்ணுக்குத் தெரியும். கல்விக் கடன் பெரிதாக இருந்து, அவன் சம்பளத்தை நம்பித்தான் தவணை கட்ட வேண்டும் என்றால் மென்பொருள் வேலையை எடுத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நெருக்கடி இல்லையென்றால் அவன் ஆசைப்படி விடுங்கள் என்பேன்.

"ஊசி செய்கிற கம்பெனி" என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஊசி எப்படி வருகிறது என்று தெரியாது. கேனுலா என்பது ஒருவர் கையில் இரத்தக் குழாய்க்குள் போய் இரண்டு மூன்று நாள் தங்குகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதன் நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தால் குழந்தைக்கு நாலு தடவை குத்த வேண்டிவரும், குழாய் ஒட்டுமிடத்தில் விட்டுப்போனால் துண்டு உள்ளேயே தங்கிவிடும். அப்படி நடக்காமல் லட்சக்கணக்கில் செய்வது சின்ன வேலை இல்லை.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் செய்த இதய வால்வின் கதையை உங்கள் மகன் படித்திருப்பான். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தார்கள், முதல் மூன்று மாடல்களும் சோதனையில் தோற்றன, நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட நாலு கோடி. அதனால் அந்த மாதிரி வால்வை 40 கோடி தடவை திறந்து மூட வைத்துப் பார்த்த பிறகுதான் பத்து வருடம் தாங்கும் என்று சொல்ல முடியும். இந்தத் தொழிலில் வேகம் ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேகம் பிடித்த பையன் என்றால் இங்கே திணறுவான். அதை அவனிடமே கேளுங்கள்.

முதல் வருடம் அவனுக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். புதுக் கருவி வடிவமைக்கப் போகிறோம் என்று நினைத்துப் போவான், கையில் எஸ்.ஓ.பி. (ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற செயல்முறைத் தாள்) கட்டைக் கொடுத்து "படித்துக் கையெழுத்துப் போடு" என்பார்கள். அப்புறம் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கிற காலிபரேஷன், மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்கிறது என்று நிரூபிக்கிற வேலிடேஷன், ஒரு தொகுதி எப்படிச் செய்யப்பட்டது என்ற பேட்ச் ரெக்கார்டு சரிபார்ப்பு என்று போகும். அலுப்பாக இருக்கும். ஆனால் இன்றைக்கு ஆள் தேடுகிற இடமும் அதுதான். மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது குறிப்பிட்ட சில கருவிகள் மட்டும்தான் சட்டத்துக்குள் இருந்தன. 2020 ஏப்ரலில் எல்லாக் கருவிகளும் உள்ளே வந்துவிட்டன. ஆபத்து குறைவான ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், ஆபத்து அதிகமான சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் லைசென்ஸ் கட்டாயம், மிக எளிய ஏ வகைப் பொருட்கள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இத்தனை வருடம் பேப்பரே இல்லாமல் ஓடிய சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் இப்போது ஐ.எஸ்.ஓ. 13485 என்கிற மருத்துவக் கருவித் தர மேலாண்மைத் தரநிலை தெரிந்தவர் தேவைப்படுகிறார். ஐந்து வருடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பையனுக்குப் பிறகு வேலைக்குப் பஞ்சம் இருக்காது, சம்பளமும் அப்போதுதான் ஏறும்.

ஒரு விஷயம் மட்டும் சேருமுன் விசாரிக்கச் சொல்லுங்கள். "தயாரிப்பாளர்" என்று போர்டு வைத்திருக்கிற கம்பெனிகளில் சில, வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வாங்கி இங்கே பையில் போட்டு லேபிள் ஒட்டுகிறவை. அங்கே போனால் லேபிள் ஒட்டத்தான் கற்றுக்கொள்வான். குழாயை இங்கேயே இழுக்கிறார்களா, ஊசியின் நுனியை இங்கேயே தீட்டுகிறார்களா என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஒன்பது வருடமாகக் கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். மருத்துவக் கருவி கம்பெனிக்கு மாறலாமா? அங்கே போன நண்பன் "முழுக்க முழுக்கப் பேப்பர் வேலைடா, வராதே" என்கிறான்.
– ஒரு வாசகர், சிங்கப்பெருமாள்கோவில்

நண்பர் சொல்வது உண்மைதான், ஆனால் அந்தப் பேப்பர் எதற்கு என்று அவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனியில் ஒரு பிரேக் பாகத்தை அளந்து பார்த்தால் அது சரியா தப்பா என்று தெரிந்துவிடும், அளந்த பிறகும் அதை வண்டியில் மாட்டலாம். ஒரு சிரிஞ்ச் கிருமி இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க அதன் பையைக் கிழித்தாக வேண்டும், கிழித்தால் அது விற்பனைக்கு ஆகாது. பத்து லட்சம் சிரிஞ்சில் ஒன்றுக்கு மேற்பட்டதில் கிருமி பிழைத்திருக்கக் கூடாது என்பதுதான் இலக்கு, அதை ஒவ்வொன்றாகச் சோதித்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே பொருளை விட்டுவிட்டு, அதைச் செய்த முறையை நிரூபிக்கிறார்கள்: எந்த வெப்பம், கிருமியைக் கொல்கிற வாயு எவ்வளவு, எத்தனை மணி நேரம், யார் பார்த்தார், எந்த மீட்டர், அந்த மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் அந்த லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) கிருமி நீங்கியதா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பேப்பர் வேலை பாரமாக இருப்பதில்லை. நான் பார்த்தவரை, புரியாமல் செய்கிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் ஓடிவிடுகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படித் தவறலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), எஸ்.பி.சி. (தயாரிப்பைப் புள்ளிவிவரத்தால் கண்காணிப்பது), காலிபரேஷன் எல்லாம் அப்படியே உதவும். கஷ்டப்படுத்தப் போவது மாற்றத்தின் வேகம். கார் கம்பெனியில் பசை சப்ளையரை மாற்ற நீங்கள் எடுத்துக்கொள்கிற நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது பல மடங்கு ஆகும். புதுப் பசை இரத்தத்தில் என்ன கரைய விடுகிறது, வாயுவில் வைத்து எடுத்தால் இளகுகிறதா, ஷெல்ஃபில் மூன்று வருடம் தாங்குமா என்று அத்தனையும் திரும்பப் பார்க்க வேண்டும், ஏற்றுமதி இருந்தால் அந்தந்த நாட்டுக்கும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் புது விதிகள் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. ஆடிட் வருகிற மாதங்களில் வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்று சொல்ல முடியாது, குழந்தையின் பிறந்தநாளை நான் இரண்டு தடவை தவறவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று, கார் விற்பனை படுத்தால் ஒரகடத்தில் ஷிஃப்ட் குறையும், ஆட்களை நிறுத்துவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தேவை அப்படி ஏறி இறங்காது. ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சின்னக் கம்பெனிகள் டெண்டரை நம்பி ஓடுகின்றன, பணம் மாதக் கணக்கில் தாமதமாகும், அந்தத் தாமதம் நேராக உங்கள் சம்பளத் தேதிக்கு வரும். விலையும் கம்பெனி கையில் இல்லை. 2017 பிப்ரவரியில் இதய இரத்தக் குழாய் அடைப்பில் வைக்கிற ஸ்டென்ட்டுக்கு அரசு உச்ச விலை வைத்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று ஒரே நாளில் வந்தது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் விற்றவையும் உண்டு. நோயாளிகளுக்கு அது பெரிய நன்மை, நான் முழு மனதாக வரவேற்றேன். அந்தத் துறையில் இருந்தவர்கள் அந்த வருடம் இன்கிரிமென்ட்டை மறக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாறுவேன். ஆனால் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று அங்கே வேலை செய்கிற இரண்டு பேரிடம் கேட்ட பிறகு.

கேள்வி: நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, கான்ட்ராக்ட் மூலமாக ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில், தூசி புகாத க்ளீன் ரூமில் அசெம்பிளி வேலை செய்கிறேன். பாத்ரூம் போனால் திரும்ப கவுன் போட்டு உள்ளே வர இருபது நிமிஷம் ஆகிறது என்று தண்ணீரே குடிப்பதில்லை. இப்போது என்னை ஸ்டெரிலைசேஷன் (கிருமி நீக்கும்) பகுதிக்கு மாற்றப் போகிறார்கள். "கேஸ்" என்கிறார்கள். பயமாக இருக்கிறது. எனக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது.
– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல வேளை எழுதினாய்.

அந்த கேஸின் பெயர் எத்திலீன் ஆக்சைடு, ஈ.டி.ஓ. என்பார்கள். வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் பொருட்களில் கிருமியைக் கொல்ல அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அது இல்லாமல் இந்தத் தொழிலில் பாதி நடக்காது. அதே நேரம் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-இலேயே வகைப்படுத்திவிட்டது. கருச்சிதைவோடும் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, அதன் வாசனையை நம்பக் கூடாது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கிற வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூக்குக்கு அந்த இனிப்பு வாசனை தெரிய, அதே பத்து லட்சத்தில் சில நூறு பங்கு வேண்டும். "வாசனை வரலையே, ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். வாசனை வந்துவிட்டால் ஏற்கனவே மிக அதிகம், உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

ஒழுங்கான கம்பெனியில் அந்தப் பகுதியில் கசிவைக் காட்டுகிற அலாரம் இருக்கும். வேலை செய்பவர் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் இருக்கும், எவ்வளவு வாயு பட்டது என்று அதை வைத்துப் பார்ப்பார்கள். வருடாவருடம் இரத்தப் பரிசோதனை உண்டு. வாயு அடைக்கிற அறையான சேம்பருக்குள் இருந்து எடுத்த பெட்டிகளிலிருந்தும் வாயு வந்துகொண்டே இருக்கும், அதனால் அவற்றைத் தனி அறையில் காற்றோட்டத்தில் வைப்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சேம்பர் அருகில் எல்லாம் பக்காவாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளை அடுக்கிவைத்த குடோனில் இரண்டு பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து லேபிள் எண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு பேட்ஜும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டி மாற்ற எனக்கு ஏழு மாதம் ஆனது. இன்னும் வேகமாகக் கத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

நீ செய்ய வேண்டியது: குழந்தைக்குத் திட்டமிடுகிறாய் என்றால் அந்தப் பகுதிக்குப் போகாதே. அதைக் காரணமாகச் சொல்லியே, ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதி, பாதுகாப்பு அதிகாரியிடம் கொடு, ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும். வாயால் மட்டும் சொன்னால் சூப்பர்வைசரோடு நின்றுவிடும். ஆபத்தான பொருளோடு வேலை செய்கிறவருக்கு அதைப் பற்றிச் சொல்லவும், மருத்துவப் பரிசோதனை செய்யவும் சட்டமே கம்பெனிக்குக் கடமை வைத்திருக்கிறது, கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அது குறையாது. கேட்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

தண்ணீர் விஷயம் சின்னது என்று நினைக்காதே, க்ளீன் ரூமில் வேலை செய்து சிறுநீர்த் தொற்று, கல் என்று அவதிப்பட்ட எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். பொட்டு, பவுடர், பூ, வளையல் எதுவும் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது, ஒரு துகள்கூட உள்ளே விழக் கூடாது. பாத்ரூம் போகக் கூடாது என்பதற்கு எந்தத் தரநிலையிலும் காரணம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை, மாற்றிவிட ஒரு ஆள், இவ்வளவுதான் தேவை. லைனில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்காதே.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-இல் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்த காலம் அது. விலை குறைந்ததும் ஏழை எளியவர்களுக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. அந்த நுணுக்கமான வேலையில் பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள்தான். உன் கை வேலையும் அந்த வகைதான், அதனால் அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பி.எஃப். உன் பெயரில் ஏறுகிறதா என்று யு.ஏ.என். என்கிற உன் பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து இந்த வாரமே பார். கான்ட்ராக்டர் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின் சர்வீஸ் இன்ஜினீயராக மூன்று வருடம். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வருகிறது. ஃபேக்டரி பக்கம் போனால் நிம்மதியாக இருக்குமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

தூக்கம் வரும். ஆனால் இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் போங்கள் என்பேன். எந்த வால்வு எந்த ஊர்த் தண்ணீரில் அடைக்கிறது, நர்ஸ் எந்த அலாரத்தை எரிச்சலில் நிறுத்திவைக்கிறார் என்று ஃபேக்டரியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கோளாறையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்து, அதோடு டிசைன் அல்லது புகார் விசாரணைப் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது, அதனால் ஆஸ்பத்திரிப் பெயர், நோயாளி விவரம் எதுவும் அந்த நோட்டில் வேண்டாம்.

கேள்வி: தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்து எட்டு மாதம். போன வாரம் டெஸ்ட் மெஷின் ரிப்பேர். "பழைய ரீடிங் மாதிரியே எழுதிவிடு, சரக்கு போகணும்" என்றார் மேனேஜர். எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை.
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

தம்பி, நானும் எழுதியிருக்கிறேன். என் நான்காவது வருடத்தில், பை ஒட்டின இடம் எவ்வளவு இழுவை தாங்குகிறது என்று பார்க்கிற மெஷின் கெட்டுப்போயிருந்தது, மேலே இருந்தவர் சொன்னார், நான் முப்பது எண்களை என் கையால் கற்பனையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பைகள் திரும்பி வந்தன, ஓரம் பிரிந்திருந்தது. பிரிந்தது தெரியாமல் எத்தனை பயன்படுத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குக் க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) தலைவரிடம் போய்ச் சொன்னேன். லாட்டைத் திரும்ப வாங்கினார்கள். எனக்கு அந்த வருட இன்கிரிமென்ட் போனது, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், எழுதச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நியாயமில்லைதான்.

உன் விஷயத்தில் ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. அந்த லாட்டுக்கு எடுத்துவைத்த ரீடெய்ன் சாம்பிள் உன் கம்பெனியில் இருக்கும், மெஷின் சரியானதும் அதை வைத்துச் சோதிக்கலாம். எழுதின தாளைக் கிழிக்காதே, திருத்தாதே, வைட்னர் தொடாதே. நடந்ததை நடந்தபடி ஒரு டிவியேஷன் ரிப்போர்ட்டாக (முறை தவறியதைப் பதிவு செய்கிற அறிக்கை) எழுது: மெஷின் எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை, எந்த லாட், எந்த ரீடிங் அளக்காமல் எழுதப்பட்டது. மேனேஜரைத் தாண்டி க்யூ.ஏ. தலைவரிடம் நேரில் கொடு, மெயிலிலும் அனுப்பு. சரக்கு இன்னும் குடோனில் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். வெளியே போயிருந்தால் லாட் எண்ணை வைத்து எங்கே போனது என்று தேடுவார்கள், அந்த எண் இருப்பதே அதற்குத்தான்.

வேலை போகுமா என்று கேட்பாய். போகலாம். ரிப்போர்ட்டை வாங்கி ஒழுங்காக விசாரிக்கிற கம்பெனி என்றால் அங்கேயே இரு, அந்த மாதிரி இடம் கிடைப்பது அரிது. ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து "இதெல்லாம் எழுதாதே" என்றால், அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்காமல் வேறு இடம் தேடு, அசல் சான்றிதழ்களை அங்கே கொடுத்துவைத்திருந்தால் அதை முதலில் வாங்கிக்கொள். ரிப்போர்ட்டை நாளைக்குக் காலையிலேயே கொடுத்துவிடு, அந்த லாட் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தூரம் போய்க்கொண்டிருக்கிறது.